உரியவங்க வந்து எடுத்துக்கலாம்

கைப்பிடி இடது பக்கம் திரும்பியிருந்தது.

அவ்வளவுதான் விஷயம். வேறு யாராவது பார்த்திருந்தால், இதில் என்ன இருக்கிறது என்று விளக்கை அணைத்துவிட்டு மேலே போய்க் காபி போட்டிருப்பார்கள். கோவிந்தராஜன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆயுசு முழுக்க இயந்திரங்களோடு மாரடித்தவர். ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாகத்தான் அடுக்குவார். ரிவால்வரைத் துணி விரித்துப் படுக்க வைத்தால், குழல் இடது பக்கம், கைப்பிடி வலது பக்கம், தன் வலக்கை நேராகப் போய் எடுக்கிற மாதிரிதான் வைப்பார். நேற்று ஆயுத பூஜை முடித்து அப்படித்தான் வைத்தார். விஜயதசமிக் காலையில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி விளக்கைப் போட்டால், அது மறுபக்கம் திரும்பிக் கிடக்கிறது. இடக்கைக்காரன் ஒருவன் எடுக்கத் தோதாக.

"நான்தான் மாத்தி வெச்சிருப்பேன்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். தனியாக இருக்கிற மனுஷர்களுக்கு இது ஒரு வியாதி. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன, கேள்வியாவது காதில் விழட்டுமே என்று பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் குளிர்தேசத்தில், புவாண்ட்-கிளேர் என்கிற புறநகரில் அந்த வீடு நாலு பேர் இருப்பதற்கென்று வாங்கியது. மனைவி பாரிஜாதம் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போனாள். இந்தக் குளிர் போகட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். குளிர் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று, அவள் வருகிற வழியைத்தான் காணோம். ஒரே மகள் சஹானா ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில், கணவன் தீபக்கோடு இருக்கிறாள். இப்போது ஏழு மாசம். அப்பா எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிடாத நாள் கிடையாது. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள், அதில் மட்டும் அவள் அசைந்து கொடுக்கவே இல்லை.

"குழந்தை பொறக்கப்போற வீடுப்பா. துப்பாக்கியும் கையுமா நீங்க வரக்கூடாது. கடைசித் துப்பாக்கி என்னிக்கு அந்த வீட்டை விட்டுப் போகுதோ, அன்னிக்கு நான் காரை எடுத்துட்டு வரேன்."

அவருக்கும் போகத்தான் ஆசை. இன்னொரு மனுஷக் குரல் கேட்கிற வீட்டில் கண் விழிக்க வேண்டும் என்று எத்தனை ஏக்கம்! ஒவ்வொன்றாக விற்றார். பெல்ஜியத்தில் செய்தது ஒன்று, அமெரிக்காவில் செய்தது இரண்டு, எல்லாம் துருவேறிக் குப்பையாக வந்து, அவர் கையால் உயிர் பெற்று, வேறு ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இந்த வெப்லி ரிவால்வர் ஒன்றுதான். பக்கத்து ஊர் லஷீனில் யாரோ பழைய வீட்டைக் காலி செய்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. யாருடையது என்று விற்ற அம்மாளுக்கும் தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்பதால் சட்டமே அதைப் பழம்பொருள் என்று விட்டுவிட்டது. அவர் வீட்டில் தோட்டா என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சுடுவதில் அவருக்கு ஆசையும் இல்லை.

பிறகு எதற்கு இந்தப் பைத்தியம் என்று பாரிஜாதம் கேட்பாள். எப்படிச் சொல்வது? இது அலங்காரத்துக்குச் செய்த பொருள் இல்லை, சேற்றிலும் மழையிலும் கை நடுங்குகிற நேரத்திலும் ஏமாற்றாமல் வேலை செய்ய வேண்டும் என்று செய்தது. ட்ரிக்கரை இழுத்தால் போதும். அந்த ஒரே இழுப்பில் தோட்டாவைத் தட்டுகிற ஹேமர் பின்னால் எழும்பும், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொள்ளும், கடைசியில் ஹேமர் விழும். இத்தனையும் உள்ளே இருக்கிற நாலைந்து துண்டு இரும்பு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு செய்கிற வேலை. அடடா, செய்தவன் கைக்கு மோதிரம் போடலாம்! கோவிந்தராஜன் அதைப் புதுசாக்குவதில்லை. பாலிஷ் ஏற்றி மினுக்குவது அவர் அகராதியில் பாவம். துருவை மட்டும் எண்ணெய் விட்டு ஊற வைத்துத் துளித் துளியாக எடுப்பார். பழைய கை தேய்த்த தேய்மானத்தை அப்படியே விட்டுவிடுவார். இந்த வெப்லியின் கறுப்புக் கைப்பிடியில் தேய்மானம் தப்பான பக்கத்தில் இருந்தது. கட்டை விரல் வழவழப்பாக்கிய குழி, தோலுறை உரசிய இடம், எல்லாமே எதிர்ப்பக்கம். வைத்திருந்தவன் இடக்கைக்காரன் என்று வாங்கின அன்றே கண்டுபிடித்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அன்று காலை கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் தொட்டுத் திருப்பி வைத்தார்.

இலை உதிர்ந்து முடிந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், சாயங்காலம் என்பதே இல்லாமல் மத்தியானம் முடிந்த கையோடு இருட்டு வந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி ஒரு பொழுதில்தான், தயிர்சாதத்தில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் விசிறி, ஃப்ரிட்ஜின் முனகல், வெளியே நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல், இத்தனைக்கும் அடியில், காலுக்குக் கீழே தரைக்கும் கீழே, இரும்பு இரும்பின் மேல் எண்ணெயோடு வழுக்கிச் செல்லும் மெல்லிய உரசல். பிறகு ஒரு 'டிக்'. சிலிண்டர் பூட்டிக்கொண்ட சத்தம். அதற்கப்புறம் ஹேமர் விழ வேண்டும்.

விழவில்லை.

கையில் பிசைந்த சாதத்தோடு உட்கார்ந்திருந்தார். யாரோ ட்ரிக்கரைக் கடைசி மயிரிழை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பிடிப்பு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும், முன்கை கடுக்கும். சாதம் விரலில் காய்ந்தது. வெகுநேரம் கழித்து, யாரோ விரலைத் தளர்த்தினாற்போல, ஹேமர் மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம்.

கீழே போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. ரிவால்வர் துணியின் மேல்தான் இருந்தது. கைப்பிடி இடப்பக்கம். பேஸ்மென்ட்டில் எப்போதும் இருக்கிற எண்ணெய் வாசனையோடு, நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை ஒன்று கலந்திருந்தது. அவரிடம் கம்பளிக் கோட்டே கிடையாது.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். இங்கேதான் கோவிந்தராஜன் ஒரு காரியம் செய்தார், கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பயந்து ஓடாமல், டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் இருந்த கரகரப்பு இப்போது இல்லை. இழுப்பு நாளுக்கு நாள் சீராகிக்கொண்டு வந்தது. பட்டு மாதிரி. அவர் வாரக்கணக்கில் தேய்த்தும் வராத வழவழப்பு. "சபாஷ்," என்று ஒரு நாள் அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது. இந்த வீட்டில் அவரைத் தவிர இன்னொருத்தர் இருக்கிறார், அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. நினைக்கவே வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார். அவ்வளவு தனிமை.

அவர் சபாஷ் சொன்னதும் கீழே சத்தம் நின்றது. மேலே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு மௌனம்.

அன்று இரவு படுக்கையறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் இரண்டு வீடு தள்ளி இருக்கிற நகுலேஸ்வரனைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். பனி கொட்டினால் இவர் வாசலையும் சேர்த்து வாரிவிடுகிற நல்ல மனசு. ஹீட்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று பொய் சொல்லித்தான் அழைத்து வந்தார். நகுலேஸ்வரன் கடைசிப் படி வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணை, ஆரும் வந்து நிக்கினமோ?"

"யாரும் இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"ஈரக் கோட்டு மணக்குது." அவர் பார்வை மேஜைக்குப் போனது. "உதுக்கேன் சந்தனம் பூசி வைச்சிருக்கிறியள்?"

கோவிந்தராஜன் சொன்னார். சென்னையில் பாடியில் வேலை பார்த்த தொழிற்சாலை டூல் ரூம் வழக்கம் அது. ஆயுத பூஜையன்று ஒவ்வொருத்தரும் தன் கருவியைக் கொண்டுவந்து சாமி முன்னால் குவிப்பார்கள். சந்தனம், குங்குமம், கற்பூரம். எல்லாம் முடிந்ததும் ஃபோர்மேன் உரக்கக் கூவுவார், 'காலையில உரியவங்க வந்து எடுத்துக்கலாம்!' மறுநாள் அவனவன் வந்து தன்னுடையதைத் தொட்டு எடுப்பான். எடுத்தவன் அந்தக் கருவியால் ஒரு வேலையாவது செய்யாமல் வெளியே போகக்கூடாது. இங்கே வந்த பிறகும் வருஷா வருஷம் தன் அரங்களையும் வெர்னியர் அளவுகோலையும் பரப்பி வைத்து, தனியாக நின்று அந்த வார்த்தையை அதே ராகத்தில் கூவுவார். காலையில் தானே எடுத்துக்கொள்வார். இந்த வருஷம் மேஜையில் வெப்லியும் கிடந்தது. சந்தனத்தோடு சந்தனமாக அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"உது உங்கட சாமானே, அண்ணை?"

"காசு குடுத்துதானே வாங்கினேன்?"

"நான் அதைக் கேக்கேல்லை." நகுலேஸ்வரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆரெண்டு தெரியாத ஆளை வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறியள். எடுத்தவன் ஒரு வேலை செய்யாமல் போகேலாது எண்டும் நீங்களே சொல்லுறியள். உந்தச் சாமானுக்கு என்ன வேலை அண்ணை இருக்கு?"

கோவிந்தராஜன் துணியின் ஓரத்தை இழுத்து ரிவால்வர் மேல் போட்டார்.

"நாங்கள் உதுகளின்ரை வேலையைக் கண்ணாலை கண்டு ஓடிவந்த ஆக்கள். நான் போறன். நீங்களும் மகளிட்டைப் போயிடுங்கோ." படியேறுகிறபோது மனுஷர் ஒரு தடவைகூட முதுகைக் காட்டவில்லை. பக்கவாட்டாகவே ஏறிப் போனார்.

போனதும் கோவிந்தராஜன் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மெயின் ஸ்பிரிங்கை எடுத்தார். வளைந்த சின்ன எஃகுத் துண்டு, ஹேமருக்கு உயிரே அதுதான். அது இல்லாமல் தலைகீழாக நின்றாலும் ஹேமர் விழாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேஸ்மென்ட் கதவைத் தாழிட்டு, மேலே வந்து உட்கார்ந்தார். இப்போது என்ன செய்வே, பார்க்கலாம்!

இருட்டியது. உரசல். டிக்.

கையைப் பைக்குள் விட்டு ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சில்லென்றிருந்தது. இங்கேதான் இருக்கிறது. என் கையில்தான் இருக்கிறது.

கீழே ஹேமர் விழுந்தது.

கணீரென்று. முழு வேகத்தில். தட்டில் இருந்த கரண்டி அதிர்ந்தது. ஸ்பிரிங் இல்லாமல் ஹேமர் விழுமானால், தோட்டா இல்லாமல்? அந்த யோசனை வந்ததும் ஃபோனை எடுத்து சஹானாவைக் கூப்பிட்டார்.

"வித்துட்டேன்மா. கடைசியும் போயிடுச்சு. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடு."

பச்சைப் பொய். ஆனால் அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "நிஜமாவாப்பா? உங்க ரூம்ல ஏற்கெனவே கட்டில் போட்டாச்சுப்பா. நாளைக்கு ஆஃபீஸ் முடிச்சு நேரா வரேன்."

மறுநாள் முதல் பனி. பொடிப் பொடியாக, சத்தமே இல்லாமல். பெட்டியில் துணிமணி, மாத்திரை, பாரிஜாதத்தின் புகைப்படம். ரிவால்வர் கீழேயே கிடக்கட்டும், வீட்டையே விற்றுத் தலைமுழுகிவிடலாம். படுக்கையறையிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். காலுக்குக் கீழே உரசல் கேட்டது. டிக். வாசல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். இந்தத் தடவை சத்தம் பேஸ்மென்ட்டில் இல்லை. படிக்கட்டில்.

நின்றார். அதுவும் நின்றது.

வாசல் கதவின் பிடியைத் தொட்டார். தாழிட்ட பேஸ்மென்ட் கதவு இந்தப் பக்கம் திறந்து கிடந்தது. சமையலறை இருட்டில், நாலெட்டுத் தூரத்தில், உரசல். ஈரக் கம்பளி நாற்றம் குப்பென்று வந்தது. பெட்டியை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். சத்தம் படியிறங்கிப் போயிற்று. மறுபடி வாசலுக்கு வந்து பார்த்தார். மறுபடி ஏறியது.

அவருக்குப் புரிந்தது. அது, கூப்பிட்டவன் பின்னாலேயே வருகிறது. நான் போகிற இடத்துக்கு வரும். புரோசார்டுக்கு வரும். கட்டில் போட்டு வைத்த அறைக்கு. தொட்டிலுக்கு. ஐயோ, என் பொண்ணே!

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தார். சஹானா இன்ஜினை அணைக்காமலேயே இறங்கினாள். அப்பாவின் பெட்டியை வைப்பதற்காகப் பின்கதவை விரியத் திறந்து வைத்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பனியில் கவனமாகக் காலை வைத்து வந்தாள். அவர் வாசல் கதவைத் திறந்து, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ரெடியாப்பா? பெட்டி எங்க? நகருங்க, நான் எடுக்கறேன்."

"உள்ள வராதே."

"என்னப்பா ஆச்சு?"

எதைச் சொன்னால் இவள் போவாள்? உண்மையைச் சொன்னால் போகமாட்டாள். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போவாள். அவருக்குத் தெரியாதா தன் பெண்ணை? மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"நான் வரலை. அதை விக்கவும் இல்லை. விக்கப் போறதும் இல்லை."

"பொய் சொன்னீங்களா?" அவள் முகம் சுருங்கியது. "நேத்து நான் அழுதேனேப்பா."

"அழுதா? உன் வீட்ல வந்து ஆயா வேலை பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?"

"அந்த இரும்புத் துண்டைவிட நான் மட்டமா போயிட்டேனா?"

கதவு நிலையை இறுக்கிப் பிடித்தார். "ஆமா," என்றார்.

பனிக்காற்று உள்ளே வீசிக்கொண்டிருந்தது. அவர் முதுகுப் பக்கம், தோளை ஒட்டி, கனமான ஈரத்துணி ஒன்று மெல்ல உரசிக்கொண்டு போனது. கோட் ஸ்டாண்டில் தொங்குகிற சால்வையாக இருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமோ என்னவோ.

அவள் திரும்பி நடந்தாள். காரின் பின்கதவைப் படாரென்று அறைந்து சாத்தினாள். முன்னால் ஏறினாள். கார் போயிற்று.

கோவிந்தராஜன் கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஆனாலும் அடிமனசில் ஒரு நிம்மதி. அவள் தப்பித்துவிட்டாள். இனி அது என்னோடு. வரட்டும், வந்து தன் வேலையை என்னிடமே முடித்துக்கொள்ளட்டும். பேஸ்மென்ட் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஃப்ரிட்ஜ் முனகியது. விசிறி சுற்றியது. வாசனை? மூச்சை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் வாசனை. அது மட்டும். ஓடினார். படிகளில் தடுக்கித் தடுக்கி இறங்கி விளக்கைப் போட்டார்.

துணி இருந்தது. சந்தனப் பொடி உதிர்ந்திருந்தது. ரிவால்வர் இல்லை.

மேலே வந்து கதவைத் திறந்தார். புதுப் பனியில் சஹானாவின் காலடி, வந்ததும் போனதும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பெரிய பூட்ஸ். வாசலிலிருந்து காரின் பின்கதவு இருந்த இடம் வரைக்கும்.

திரும்பி வந்த தடம் இல்லை. அது என் பின்னால் வரவில்லை, வாசல் கதவு திறக்கத்தான் காத்திருந்தது.

கார் தெருமுனையைத் தாண்டவில்லை. ஓரமாக நின்றிருந்தது. உள் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் மூக்கைச் சிந்துகிறாள். பின்சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கூரை இடித்துக் கழுத்து சாய்ந்திருந்தது. அசையாமல் இருந்தான்.

ஃபோன். அவள் நம்பரைப் போட்டார். ரிங் போனது. கட் செய்தாள். மறுபடி. மறுபடி கட் செய்தாள். சொன்னது அப்படிப்பட்ட வார்த்தையாயிற்றே.

கார் நகர்ந்தது. போகிறாள். ஐயோ, அவனோடு போகிறாள்!

ஓடினார். செருப்பில்லை. வெறும் சாக்ஸ். பனி வழுக்கியது. விழுந்தார். எழுந்தார். ஓடினார். கத்த வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். பிரேக் விளக்கு சிவந்தது. கார் நின்றது.

அப்பா மனசு மாறி ஓடி வருகிறார் என்று நிறுத்திவிட்டாள். உள் விளக்கைப் போட்டாள். ஜன்னலை இறக்கினாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"மெதுவாப்பா! விழுந்துடப் போறீங்க! நான் எங்கயும் போகலை, இங்கயேதான் நிக்கறேன்!"

அவர் இரண்டு கையாலும் போ, போ என்று வீசினார். அவள் அதைக் கூப்பிடுவதாக நினைத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், மஞ்சள் வெளிச்சத்தில், ஈரம் சொட்டுகிற நீளமான கோட்டுக்கை ஒன்று வெப்லியோடு சீட்டுக்கு மேலே எழும்பியது. அவசரமே இல்லாமல், துளிக்கூட நடுக்கமில்லாமல், அவள் தலைக்கு நேராக வந்து நின்றது.